வாலாஜாபாத்தில் புல் அறுத்தவர்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும்போது, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இரு மருங்கிலும் புல் இடுப்பளவு நிற்கும். ஒரகடத்தைத் தாண்டிய பிறகு தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்களின் ஓரம், விற்காமல் கிடக்கும் மனைகள், ஏரிக்கரைகள், வீட்டுக் கொல்லைகள் எங்கும் அதே பச்சைதான். பொங்கலுக்குள் வெட்டியாக வேண்டும். காலை வெயில் ஏறுவதற்குள் எங்கோ ஒரு சுவருக்கு அப்பால் அந்த இரைச்சல் தொடங்கிவிடும். தோளில் பட்டை, இடுப்பருகே எஞ்சின், நீண்ட குழாயின் நுனியில் சுழலும் நைலான் நரம்பு. பிரஷ் கட்டர் என்றும் புல் வெட்டும் மெஷின் என்றும் சொல்கிறார்கள்.

இந்த மெஷினை வாங்கக் கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எத்தனை சிசி? என்ன விலை? பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்? வீட்டுக்காரரோ, தோட்டப் பராமரிப்பு காண்டிராக்டரோ, ஊராட்சியில் கணக்கு பார்ப்பவரோ பணம் கொடுத்து வாங்கிப் போகிறார். அதைத் தோளில் மாட்டி நாள் முழுக்க நிற்கப் போகிறவர் அந்த நேரத்தில் கடையில் இருப்பதில்லை. வாங்குபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவு வாலாஜாபாத்துக்குப் புதிதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் புல் ஒரு பெரிய வேலையாக இருந்தது.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் வாலாஜாப்பேட்டையும் அவர் பெயர் கொண்டதுதான். இரண்டும் பாலாற்றை ஒட்டியே அமைந்திருப்பதால் வெளியூர்க்காரர்கள் இன்றும் குழம்புவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி வாலாஜாபாத்தில் ராணுவ முகாம் அமைத்தது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806ஆம் ஆண்டில், அவர்கள்மீது கம்பெனி திணித்த புதிய தலைப்பாகைக்கு எதிரான கொந்தளிப்பு வாலாஜாபாத் முகாமையும் விட்டுவைக்கவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 10 காலையில் நடந்தது பாடப்புத்தகத்தில் உண்டு. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி 19ஆம் லைட் டிராகூன் குதிரைப்படையோடு சுமார் 25 கிலோமீட்டர் விரைந்து வேலூரை அடைந்தார், எழுச்சி ரத்தத்தில் அடக்கப்பட்டது. அந்தக் குதிரைகள் முந்தைய நாள் தின்ற புல்லை யார் அறுத்தார்கள் என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் இடமில்லை. ஆனால் குதிரை ஓடியது அந்தப் புல்லில்தான்.

ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு ஆட்கள் என்பது அன்றைய கணக்கு. தேய்த்துக் குளிப்பாட்டி லாயத்தைப் பார்த்துக்கொள்ளக் குதிரைக்காரர் ஒருவர். தினம் புல் கொண்டுவந்து போட இன்னொருவர். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இந்தப் புல்வெட்டிக்குத் தனிப் பதிவே இருக்கிறது. வடக்கே இந்த வேலையைச் செய்பவர் ஓர் ஆண் என்றும், தெற்கே குதிரைக்காரரின் மனைவி அந்த இடத்தை நிரப்புகிறாள் என்றும் அது சொல்கிறது. பர்னல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக வேலை பார்த்தவர். கண்ணால் கண்டதை எழுதியிருப்பார். ஆக, பாலாற்றங்கரை முகாம்களில் அதிகாரிகளின் குதிரைகளுக்குப் புல் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அவர்கள் செய்த வேலையை இன்றைய புல்வெட்டோடு ஒப்பிட முடியாது. குதிரைக்கு மேலாகக் கருதப்பட்டது அருகம்புல். வெள்ளைக்காரர்கள் அதை ஹரியாலி என்றார்கள். மேலோடு அறுத்தால் போதாது, மண்ணுக்குள் ஓடும் தண்டோடும் வேரோடும் செதுக்கி எடுக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து, களைக்கொத்தை மண்ணோடு படுக்க வைத்துத் தள்ளி, பிடுங்கி, மண்ணைத் தட்டி உதற வேண்டும். மண்ணோடு போட்டால் குதிரைக்கு வயிற்றுவலி வரும் என்பதால் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றி, லாயத்துக்கு நடக்க வேண்டும். ஈரப் புல்லின் தண்ணீர் கழுத்து வழியே முதுகில் இறங்கும். கோடையில் பக்கத்தில் அருகு தீர்ந்துபோனால் நடக்கும் தொலைவு கூடும், குதிரையின் பசி குறையாது. மறுநாள் விடிந்தால் மறுபடியும் ஒரு கட்டு.

முகாம் பின்னாளில் கைவிடப்பட்டது. குதிரைகள் போன பிறகும் புல்லுக்கு மதிப்பு இருந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டார ஏரிப் பாசன ஊர்களில் வரப்புப் புல் என்றால் மாட்டுக்கு ஒரு வேளைத் தீனி. கழனியில் களை எடுக்கப் போகும் பெண்கள் மாலையில் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். கூலி தனி, புல்லுக்கட்டு தனி. கொல்லரிடம் சாணை பிடித்து வந்த பல்வைத்த அரிவாள் இடுப்பில் இருக்கும். இடதுகை ஒரு பிடியைச் சேர்த்துப் பிடிக்க, வலதுகை தன் பக்கமாக இழுத்து அறுக்கும். லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி அடித்த அரிவாள் என்றால் அதற்குத் தனி மரியாதை, ஏனென்றால் அந்த எஃகு கூர் தாங்கும். அந்த அரிவாளும் விரலைப் பதம் பார்க்கும்தான். ஆனால் வெட்டுகிறவரின் கை எட்டும் தூரத்தைத் தாண்டி அது யாரையும் காயப்படுத்தாது. பத்தடி தள்ளிக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம்.

இந்த ஓர் இயல்பைத்தான் எஞ்சின் மாற்றிவிட்டது.

புல் வெட்டும் எந்திரம் முதலில் பிறந்தது ஒரு துணி ஆலையின் யோசனையில் என்பதைக் காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர்கள் கேட்டால் மகிழ்வார்கள். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், நெய்து முடித்த கம்பளித் துணியின் மேல் துருத்தி நிற்கும் இழைகளை உருளைக் கத்தி ஒன்று சமமாகச் சீவுவதைப் பார்த்தார். அதையே தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்து 1830இல் காப்புரிமை வாங்கினார். அது சமதரைப் புல்வெளிக்கான கருவி. மரத்தடியும் வேலியோரமும் அதற்கு எட்டாது. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1971இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவர் கார் கழுவும் நிலையத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். சுழலும் நார்த் தூரிகைகள் வண்டியின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து துடைத்தன, பெயின்ட் மட்டும் கெடவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பழைய சோளப்பொரித் தகர டப்பாவில் துளையிட்டு, மீன்பிடி நரம்பைக் கோத்து, புல்லோரம் வெட்டும் மெஷினின் மோட்டாரில் மாட்டிச் சுழற்றினார். மரப்பட்டை பிழைத்தது, புல் அறுந்தது. வீட் ஈட்டர் என்று பெயர் வைத்து விற்றார். 1977இல் எமர்சன் எலக்ட்ரிக் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கிக்கொண்டது.

நம் கடைக்காரர்கள் நைலான் கயிற்றை இன்றும் நரம்பு என்றே சொல்கிறார்கள். தூண்டில் நரம்பிலிருந்து வந்த கருவிக்கு அந்தப் பெயர் தானாகவே அமைந்துவிட்டது.

வாலாஜாபாத் பக்கம் இந்த மெஷினுக்கு இடம் உண்டாக்கியது கார்த் தொழில். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் வந்தது. டைம்லர் லாரி ஆலை 2012இல் வந்தது. சிப்காட் நிலத்தில் ஒவ்வொரு வளாகமும் தனக்கென ஒரு பசுமைப் பகுதியை வளர்க்கத் தொடங்கியது. வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் புதுக் கார்கள் வரிசையாக ரயிலில் ஏறிப் போகின்றன. கழனிக்குப் போன கைகள் கேன்டீனுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் அசெம்ப்ளி லைனுக்கும் போயின. மாடு குறைந்தது. யாருக்கும் தேவைப்படாத புல் குப்பையாகிவிட்டது. குப்பையை அறுக்க ஆள் கிடைக்காதபோது மெஷின் வந்தது.

மெஷினைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது வேகத்தை. நரம்பு வரையும் வட்டம் 40 சென்டிமீட்டர் அகலம், நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், நரம்பின் நுனி மணிக்கு சுமார் 450 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பக்கத்துச் சாலையில் போகும் எந்தக் காரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. அந்த நுனி ஒரு கூழாங்கல்லையோ பாட்டில் சில்லையோ தட்டினால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 15 மீட்டர் தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது என்று மெஷினோடு வரும் கையேடுகள் எழுதியிருப்பது இதனால்தான். சென்ட் கணக்கில் வாங்கிய மனையில் 15 மீட்டர் என்றால் பக்கத்து வீட்டு வாசலும் அதற்குள் வந்துவிடும். ஆகவே வெட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கொல்லையை ஒருமுறை நடந்து பார்த்துக் கல், கம்பி, சீசா, கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும். இந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடான பாதுகாப்பு எந்த விலை மெஷினிலும் இல்லை.

கண்ணைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் கண்ணில் கல் பட்டால் பதறுகிறோம், புல் நுனியோ வைக்கோலோ பட்டால் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். இந்தப் பழக்கம் பல கண்களைப் பறித்திருக்கிறது. தாவரத் துணுக்கு கீறிய கருவிழியில் பூஞ்சை குடியேறும். முதல் இரண்டு நாள் சாதாரண உறுத்தல் போலத்தான் இருக்கும், பிறகு வெள்ளையாகப் புண் படரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் நோய் இது. 1993ஆம் ஆண்டுக்கு மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கின்படி, லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. அரிவாள் காலத்துக் கழனியிலேயே இந்த நிலை என்றால், பச்சைச் சாறும் துணுக்குமாக முகத்தில் தெறிக்கும் மெஷினுக்குப் பின்னால் வெறுங்கண்ணோடு நிற்பதை எப்படி ஏற்பது? வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். முகத்தை மறைக்கும் வலைத்தடுப்பு பெரிய கல்லை நிறுத்தும், பொடியை விட்டுவிடும். ஐ.எஸ். 5983 தரக் குறியுள்ள, பக்கங்கள் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடியை உள்ளே போட்டு, அதற்கு மேல் வலைத்தடுப்பு போடுவதே சரி. மெஷினுக்குப் பில் போடும்போதே இதற்கும் பில் போட்டுவிட வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அது வராது.

இனி மெஷினுக்கு வரலாம்.

வீட்டுக் கொல்லைக்கும் சுவரோரத்துக்கும் நரம்புத் தலை போதும். நரம்பு காலில் பட்டாலும் தோல் கிழியும், ரத்தம் வரும், ஆனால் எலும்பு தப்பும். இரும்புப் பிளேடு அப்படி விடாது. நாணலும் முள்ளும் அடர்ந்த ஏரிக்கரைக்குத்தான் மூன்று பல் பிளேடு. சீமைக்கருவேலங் கன்று போன்ற தடித்த தண்டுக்கு வட்டப் பிளேடு. பிளேடு தண்டில் மோதினால் மெஷின் எதிர்ப்பக்கமாக எகிறும், குறிப்பாக வட்டத்தின் வலது முன்பக்கம் பட்டால். அதனால் பிளேடு மாட்டும் மெஷினுக்கு இரண்டு கையாலும் அகலப் பிடிக்கும் சைக்கிள் ஹேண்டில் வேண்டும், இரண்டு தோளிலும் விழும் பட்டை வேண்டும், ஆபத்தில் ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் கொக்கி வேண்டும். ஒற்றைத் தோள் பட்டையோடு விலை குறைந்த மெஷின் கிடைக்கத்தான் செய்யும். ஏழெட்டுக் கிலோவை ஒரே தோளில் ஒரு நாள் சுமந்து பார்த்தவர்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டார்கள்.

அதிக சிசி என்றால் நல்ல மெஷின் என்ற நினைப்பு நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. 52 சிசி என்ற எண் பெட்டியின் மேல் பெரிதாக அச்சாகியிருக்கும். கால் ஏக்கர் கொல்லைக்கு 26 முதல் 35 சிசி தாராளம். எஞ்சின் பெரிதாகப் பெரிதாக எடையும் அதிர்வும் கூடுகின்றன. அதிர்வு விரல்களின் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. முதலில் இரவில் விரல் மரத்துப்போகும், பிறகு சட்டைப் பொத்தான் போடவே தடுமாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொண்டுவந்த விதிப்படி எட்டு மணி நேரச் சராசரி அதிர்வு 2.5 மீ/வி²ஐத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. நல்ல கையேட்டில் இந்த அதிர்வு அளவு அச்சிடப்பட்டிருக்கும். கடையில் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி அதுதான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இலேசானது, எப்படிச் சாய்த்தாலும் ஓடும். ஆனால் பெட்ரோலில் 2டி ஆயிலைச் சரியான அளவில் கலக்க வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகை. கலப்பதற்குக் கண்ணளவு போதாது, அளவுக் குப்பி வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலப்பு வேலை இல்லை, புகையும் குறைவு, எடை கொஞ்சம் கூடுதல், ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து சென்ட் வீட்டுக்கு பேட்டரி மெஷின் இப்போது நல்ல தேர்வு. சத்தம் குறைவு, சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றித் தீப்பிடிக்கும் பயமில்லை. எதை வாங்கினாலும் பழுது பார்க்கவும் ஸ்டார்ட்டர் கயிறு, கார்புரேட்டர், கிளட்ச் வாங்கவும் வாலாஜாபாத்திலோ காஞ்சிபுரத்திலோ ஆள் உண்டா என்று விசாரிப்பது நல்லது. உதிரிபாகம் இல்லாத மெஷினில் கம்பியும் டேப்பும் சுற்றி ஓட்டுவார்கள். விபத்து அங்கேதான் தொடங்கும்.

கம்பி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. நரம்பு அடிக்கடி அறுகிறதே என்று அதற்குப் பதிலாக பைக் கிளட்ச் கம்பியையோ செயினையோ மாட்டிப் பார்க்கும் ஆசை உலகெங்கும் உண்டு. சங்கிலித் துண்டுகள் கோத்த வெட்டுத் தலைகள் ஐரோப்பாவில் கடைகளிலேயே விற்றன. அறுந்து பறந்த கண்ணி ஆளைக் கொன்ற பிறகு, 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. நைலான் அறுந்தால் அதன் எடை ஒன்றுமில்லை. கம்பி அறுந்தால் அது தோட்டா. நரம்பு அடிக்கடி அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சுற்றிய விதம்தான். உருளையின் மேல் போட்டிருக்கும் அம்புக்குறிப்படி, இரண்டு இழையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இறுக்கமாகச் சுற்ற வேண்டும். நுனிகளைப் பள்ளத்தில் பொருத்தி மூட வேண்டும். காய்ந்து முறுகிய நரம்பை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் மீண்டும் நெகிழும்.

தடுப்புத் தகடு கடைசியாக. வெட்டிய புல் அதற்குள் அடைத்துக்கொள்கிறது என்று முதல் வாரத்திலேயே கழற்றிப் போடுவது பரவலான பழக்கம். வெட்டுகிறவரின் காலுக்கும் பறக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு தகடுதான். அதோடு, நீண்டுவிட்ட நரம்பைச் சரியான அளவில் நறுக்கும் சிறு கத்தியும் அதில்தான் இருக்கிறது. தகட்டைக் கழற்றினால் நரம்பு நீளும், எஞ்சின் திணறும், சூடேறும். அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குச்சியால் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்தில் இன்னும் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. சிப்காட் காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தை மெஷினால் அடித்தால் மகரந்தமும் பொடியும் எழும்பித் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையைக் கிளப்பும். பூக்கும் முன், மழை ஈரத்தில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதே நல்லது. இன்னொன்று பாம்பு. கண்ணாடி விரியன் புல்லுக்குள் அசையாமல் கிடக்கும். எஞ்சின் சத்தத்தில் அதன் சீறல் கேட்காது. ரப்பர் ஷூ, முழங்கால் வரை. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978இல் உருவான இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்து மருந்துக்குத் தருகிறது. புல்லுக்குள் எதைத் தேட வேண்டும், எங்கே கை வைக்கக் கூடாது என்பதை எந்தக் கையேட்டையும்விட நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த மக்கள்.

மெஷின் அடித்த புல்லை மாடு விரும்பித் தின்பதில்லை. மண்ணும் நைலான் துணுக்கும் பெட்ரோல் வாடையும் கலந்துவிடும். அதனால் இன்னும் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள், ஏரிக்கரையில் மெஷின் வரப்போகிறது என்று தெரிந்தால், விடியலிலேயே அரிவாளோடு வந்துவிடுவார்கள். அருகும் கோரையுமாகப் பார்த்துப் பார்த்து அறுத்து, கட்டிச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு அவர்கள் கரையை விட்டு இறங்கிய பிறகு எஞ்சினைக் கிளப்பலாம்.